ஏட்டறிவும் ஏரறிவும்

"ஏர் பெரிதா? எந்திரம் பெரிதா?"

கேட்கிறார்கள், தோழர்களே! பட்டணத்து மண்டபத்திலே, பளபளக்கும் விளக்கொளியிலே, மெத்தை நாற்காலியில் சாய்ந்தபடி கேட்கிறார்கள். ஒரு பக்கம், பழமையின் புகழ் பாடிடும் பண்டிதர். மறுபக்கம், புதுமையின் பெருமை பேசிடும் அறிஞர். "பாட்டன் விதையே விதை, பின்னால் வந்ததெல்லாம் நஞ்சு!" என்கிறார் முன்னவர். "பாட்டன் கண்டது என்ன, பட்டினியும் பஞ்சமும் தவிர?" என்கிறார் பின்னவர். கூட்டம் கைதட்டுகிறது. நடுவர் தீர்ப்புக் கூறுகிறார். அனைவரும் வீடு திரும்புகின்றனர்.

வீடு திரும்பாதவன் ஒருவன் உண்டு. அவன் மண்டபத்தில் இல்லை. கார்த்திகை மழையிலே, கழனியின் வரப்பிலே, மூழ்கிக் கிடக்கும் சம்பாப் பயிரைப் பார்த்தபடி நிற்கிறான். அவனுடைய வாழ்வைப் பற்றித்தான் வழக்கு; ஆனால் வழக்காடுமன்றத்துக்கு அவனை அழைத்தாரில்லை. அவன் கேட்பது ஏர் பெரிதா எந்திரம் பெரிதா என்றல்ல. "என் பயிர் பிழைக்குமா?" என்றுதான் கேட்கிறான்.

பிழைக்கும், தோழர்களே! பிழைக்க வைக்கும் நெல் ஒன்று இருக்கிறது. அதன் கதையைக் கேட்டால், மண்டபத்து வழக்கே தள்ளுபடியாகிவிடும்.

ஒடிசா மாநிலத்திலே, வெள்ளம் புரளும் தாழ்நிலங்களிலே, உழவர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நாட்டு நெல் ஒன்று. பெயர் தளபுட்டியா. விளைச்சலோ குறைவு. ஆனால் இரண்டு வாரம் நீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும், நீர் வடிந்ததும் நிமிர்ந்து எழுந்திடும் வல்லமை அதற்கு உண்டு. கட்டாக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து தேர்ந்தெடுத்த விதைதான் எஃப்.ஆர். 13ஏ. அந்த வல்லமை நெல்லின் எந்த மரபணுவில் ஒளிந்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் தேடினர். 2006ஆம் ஆண்டு அதைத் தனியே பிரித்துக் காட்டினர். 'சப்1' என்று பெயரிட்டனர். விளைச்சல் மிகுந்த சுவர்ணா நெல்லோடு அதைச் சேர்த்தனர். 2009ஆம் ஆண்டு இந்திய உழவர் கைக்கு வந்தது சுவர்ணா சப்1. நம் காவிரிப் படுகைக்குப் பழக்கமான சி.ஆர். 1009 நெல்லுக்கும் அதே வல்லமையை ஊட்டினர்.

இப்போது கூறுங்கள். இது பழைய நெல்லா? புதிய நெல்லா? வெள்ளத்தில் நின்று விதை காத்தவன், எழுத்தறியாத உழவன். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அந்த விதையின் மறைபொருளைக் கண்டவன், ஆராய்ச்சி அறிஞன். முன்னவன் இல்லையேல் பின்னவனுக்குத் தேடப் பொருள் இல்லை. பின்னவன் இல்லையேல் முன்னவனின் செல்வம் ஒரு மூலையிலேயே முடங்கியிருக்கும். உப்புநிலத்தைத் தாங்கிடும் புதிய நெல்லின் கதையும் இதுவே. அந்த உரத்தைக் கொடுத்தது கேரளக் கடலோரத்துப் பொக்காளி!

"இவை இன்றைய கதைகள். பசுமைப் புரட்சி அப்படியா வந்தது?" என்று கேட்பீர். அதையும் பார்ப்போம். 1966ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்த பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்ற நெல்லை வெளியிட்டது. அதிசய நெல் என்று உலகம் அதை அழைத்தது. அந்த அதிசயத்தின் தாய் யார்? இந்தோனேசியாவின் பீட்டா. தந்தை யார்? தைவான் உழவர் பயிரிட்டுவந்த குட்டை ரகம். அதே காலத்திலே நம் தஞ்சைக் குறுவையில் கொடிகட்டிப் பறந்த ஆடுதுறை 27ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஜப்பானின் நோரின் 10. மறுபக்கம் ஜி.இ.பி. 24, நம் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்து, கோவையில் 1921ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ரகம். பேரனைப் புகழ்ந்து பாட்டனை ஏசுகிறார் ஒருவர். பாட்டனைப் புகழ்ந்து பேரனை ஏசுகிறார் மற்றொருவர். இருவரும் ஒரே குடும்பத்தைத்தான் ஏசுகிறார்கள்!

விதையோடு நிற்கவில்லை இந்த உறவு. நீருக்கு வாருங்கள்.

ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் 1830களில் காவிரியில் பணியாற்றினார். வென்றவரின் நாட்டிலிருந்து வந்தவர், படித்தவர், பதவியில் இருந்தவர். அவர் கண்முன் நின்றது, கரிகாலன் பெயரோடு நாம் போற்றும் கல்லணை. அடியிலே பாறையில்லை, ஆழம் காணமுடியாத மணல். அதன்மேல் கல்லைப் போட்டு, ஆற்றையே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்! "காட்டுமிராண்டிகள் கட்டியது" என்று அவர் கடந்துசென்றாரா? இல்லை. கூர்ந்து பார்த்தார், கற்றுக்கொண்டார். கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை எழுப்பினார். பின்னர் கோதாவரியிலே தவளேசுவரம் அணையை எழுப்பினார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் இடும் கலையை இந்நாட்டாரிடமே கற்றோம் என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதினார்.

ஆளவந்தவனுக்கு இருந்த அடக்கம், நம்மவரிலே பலருக்கு இல்லையே! அதுதான் என் வேதனை.

பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறியவன் நான். ஆகவே ஏட்டறிவை இகழ்வதில் எனக்கு இன்பம் இருக்கும் என்று எண்ணிடுவோர் உண்டு. அவர்கள் ஏமாறுவர். கைக்கு எட்டிய படிப்பு வாய்க்கு எட்டாமற் போனவன்தான் அதன் அருமையை அறிவான். ஏட்டறிவு வேண்டும், இன்னும் வேண்டும், ஏழையின் குடிசைக்குள்ளும் வேண்டும். ஆனால் ஏட்டைத் தவிர வேறெங்கும் அறிவே இல்லை என்று எண்ணும் ஆணவம் வேண்டவே வேண்டாம்.

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். நாடகம் நடத்தச் சென்றிருந்தோம். விடிந்ததும் வயற்பக்கம் நடந்தேன். நட்டு இருபது நாள் ஆகியிருக்கும். பயிர் பழுத்து நின்றது. கவலையோடு நின்ற இளைஞன், உரக்கடைக்குப் புறப்படும் நேரம். வரப்பிலே வந்த முதிய நடவாள் ஒருத்தி குனிந்தாள், ஒரு பயிரைப் பிடுங்கினாள், வேரைக் கழுவினாள், எங்களிடம் நீட்டினாள்.

"வேரைப் பாருங்க தம்பி, கறுத்துக் கெடக்கு. இதுக்கு உரம் போட்டா என்ன ஆகும்? தண்ணியை வடிச்சு விடுங்க. மண்ணு லேசா வெடிக்கட்டும். மண்ணுக்கும் மூச்சு விடணுமில்லே?"

மண்ணுக்கும் மூச்சு! நான் நாடகத்துக்கு வசனம் எழுதுபவன். அந்த ஒரு வரிக்கு ஈடாக என் கையெழுத்துப் படிகள் அனைத்தையும் கொடுக்கலாம் என்று தோன்றியது. பின்னர் ஏட்டைப் புரட்டினேன். ஏடும் அதையேதான் கூறுகிறது. ஓயாமல் நீர் தேங்கினால் மண்ணிலே காற்று இல்லாமற் போகும், தீய வளி பிறக்கும், வேர் கறுக்கும், கறுத்த வேர் உரத்தை உண்ணாது. நீரை வடித்து மண்ணை உலரவிடுவதே மருந்து!

அந்த அம்மையார் வயலிலே கூறியதை உலகம் எங்கிருந்து கேட்டது தெரியுமா? மடகாஸ்கர் தீவிலிருந்து. அங்கே உழவரோடு வாழ்ந்த ஆன்றி டி லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1980களிலே, உழவர் செய்வதைக் கூர்ந்து பார்த்து ஒரு முறையை வகுத்தார். இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, இடைவெளி விட்டு நடவு, நீரை நிறுத்தி வைக்காமல், காய்ந்தபின் பாய்ச்சல், களையை மண்ணோடு புரட்டிடும் உருளைக் கருவி. 2000க்குப் பின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை ஆய்ந்தது. திருந்திய நெல் சாகுபடி என்று நாம் அழைப்பது அதைத்தான். ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை இறைத்த இடத்திலே 3 கிலோ போதும் என்றாயிற்று. உழவனின் கண்ணும் ஆய்வாளரின் கணக்கும் கைகோத்தன. விதையும் மிஞ்சியது, நீரும் மிஞ்சியது.

இனி, பழமையைப் பாடிடும் நண்பரே, உம்மிடம் வருகிறேன்.

பாட்டன் காலம் பொற்காலம் என்கிறீர். தாது வருடப் பஞ்சம் யார் காலத்தில் வந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்திலே மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனரே, அன்று கழனியிலே யூரியாவா இருந்தது? நாட்டு விதைதான் பஞ்சத்துக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. மழை பொய்த்தது, மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே தானியம் கப்பலேறியது, அது அந்நிய ஆட்சியின் கொடுமை. ஆனால் நாட்டு விதை இருந்தது என்பதால் மட்டும் நாட்டிலே பசி இல்லாமற் போய்விடவில்லை.

பழமை என்று மொத்தமாக மூட்டை கட்டுகிறீரே, அந்த மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்த்தீரா? கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் உழுது மண்ணை வளப்படுத்திய அறிவு இருக்கிறது. உண்மை. அதே மூட்டையிலே சாணிப்பாலும் சவுக்கடியும் இருக்கின்றனவே! பண்ணையாளைப் பரம்பரை அடிமையாக வைத்திருந்த வழக்கமும் பழமைதான். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952ஆம் ஆண்டு வரவேண்டியிருந்ததே, ஏன்? உழுபவனின் அறிவை எடுத்துக்கொள்வோம். உழுபவனை மிதித்த வழக்கத்தை எரித்திடுவோம். இரண்டையும் சேர்த்துக் கும்பிடச் சொன்னால், குனிய மாட்டோம்!

"உரத்தையும் மருந்தையும் ஒரே நாளில் ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகும்" என்கிறீர். அந்த நாடகம் அரங்கேறிவிட்டது, நண்பரே. 2021ஆம் ஆண்டு இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. உழவரைக் கேட்கவில்லை, மாற்று உரம் போதிய அளவு இல்லை, பழகிக்கொள்ளக் காலமும் கொடுக்கவில்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. சிங்கள உழவனும் அழுதான். போரில் எல்லாம் இழந்து மீண்டும் மண்வெட்டி பிடித்த வன்னித் தமிழ் உழவனும் அழுதான். அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தினர். இயற்கை வேளாண்மை அங்கே தோற்றது என்று கூறுவோர் தவறாகக் கூறுகின்றனர். தோற்றது, மேலிருந்து வந்த ஆணை. மண் ஆணைக்குக் கட்டுப்படாது. அன்புக்கும் அறிவுக்கும் மட்டுமே கட்டுப்படும்.

புதுமையின் பெருமை பேசிடும் அறிஞரே, ஒதுங்கி நின்று சிரிக்க வேண்டாம். அடுத்து உம்முடைய முறை.

பசுமைப் புரட்சியின் தந்தை என்று யாரைப் போற்றுகிறீர்? கும்பகோணத்திலே பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனை. போற்றுங்கள், நானும் போற்றுகிறேன். 1960களின் நடுவிலே, அமெரிக்கக் கப்பல் கோதுமை கொண்டுவந்தால்தான் அடுப்பு எரியும் என்றிருந்த நிலையை மாற்றியவர்களுள் முதல்வர் அவர். ஆனால் அவரே 1968ஆம் ஆண்டு சனவரியில், காசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலே என்ன எச்சரித்தார்? மண் வளத்தைக் காக்காமல் விளைச்சலை மட்டும் பிழிந்தால் நிலம் பாலையாகும் என்றார். வடிகால் இன்றிப் பாசனம் செய்தால் உப்புப் பூக்கும் என்றார். கண்மூடித்தனமாகப் பூச்சிமருந்து தெளித்தால் உயிருக்கே கேடு என்றார். பலநூறு நாட்டு ரகங்களைத் துரத்திவிட்டு ஒன்றிரண்டு ரகங்களை எங்கும் விதைத்தால், நோய் வரும்போது எல்லாம் ஒன்றாக அழியும் என்றார். புரட்சியின் தொடக்கத்திலேயே, புரட்சியின் தந்தையே! தந்தையின் கையிலிருந்து விதையை வாங்கிக்கொண்டீர். வாயிலிருந்து வந்த எச்சரிக்கையை வாங்கிக்கொண்டீரா?

இந்தோனேசியாவைப் பாருங்கள். புகையான் பூச்சி நெல்லை அழித்தது. மருந்து தெளித்தனர். புகையான் குறையவில்லை, பெருகியது! ஏன்? புகையானைத் தின்று வாழ்ந்த சிலந்தியை மருந்து கொன்றுவிட்டது. 1986ஆம் ஆண்டு அந்நாட்டரசு நெல்லுக்குத் தெளிக்கும் 57 வகை மருந்துகளைத் தடைசெய்தது. அத்தோடு நிற்கவில்லை. வயலையே பள்ளியாக்கி, எது பகைப் பூச்சி, எது நட்புப் பூச்சி என்று உழவரே எண்ணிப் பார்த்துக் கற்கும்படி செய்தது. இலங்கையிலும் தடை, இந்தோனேசியாவிலும் தடை. ஓரிடத்தில் உழவன் கையறு நிலையில் நின்றான். ஓரிடத்தில் ஆய்வாளனாக உயர்ந்தான். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் கூறுவேன், நெஞ்சு கனக்கக் கூறுவேன். புதிய விதை தஞ்சையிலே விளைச்சலைப் பெருக்கிய அதே காலத்தில்தான், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியிலே 44 உயிர்கள் குடிசைக்குள் கருகின. கூலி உயர்வு கேட்ட உழைப்பாளிகளின் குடும்பங்கள்; பெண்கள், குழந்தைகள்! விளைச்சல் உயர்ந்தால் வாழ்வு தானே உயரும் என்று கூறுவோர் அந்தச் சாம்பலைக் கையில் எடுத்துக்கொண்டு கூறட்டும்.

வேறு வழி காட்டியவர் இல்லையா? இருந்தனர். வேளாண்மைப் படிப்புப் படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றி, உழவனுக்கு உதவாத ஆராய்ச்சி எதற்கு என்று வெளியே வந்தவர் நம்மாழ்வார். ஏட்டறிவு பெற்றவர் ஏரறிவைத் தேடி நடந்தார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நாகைக் கழனிகளை உப்பாக்கியபோது, தக்கைப்பூண்டு விதைத்து மண்ணை மீட்கலாம் என்று உழவரோடு இறங்கி நின்றார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்திலே நெல் ஜெயராமன், ஏறத்தாழ 170 நாட்டு நெல் வகைகளைத் தேடித் திரட்டினார். விதை கொடுத்தார், விலை கேட்கவில்லை, அறுத்தபின் இருமடங்காகத் திருப்பிக் கொடு என்றார். 2013இல் ஒருவரும் 2018இல் மற்றவரும் மறைந்தனர்.

அவர்கள் மறைந்தபின் நடப்பதென்ன? கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் நகரத்துக் கடையிலே கண்ணாடிப் புட்டியில் அமர்ந்திருக்கின்றன. அதை நட்டவள் வீட்டிலே நியாயவிலைக் கடை அரிசி கொதிக்கிறது!

நாடக மேடையின் பாலபாடம் ஒன்று உண்டு. இருவர் மேடையிலே வாள் சுழற்றினால், மூன்றாமவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். பழமை புதுமை என்று இவர்கள் சுழற்றுகிறார்கள் வாள். மூன்றாமவன் யார்? வணிகன்! அவன் கடையிலே இரண்டு அலமாரி. ஒன்றிலே மருந்துப் புட்டி. மற்றொன்றிலே 'இயற்கை' என்று சீட்டு ஒட்டிய புட்டி. எது வென்றாலும் கல்லாப்பெட்டி நிறைவது அவனுக்கு. உழவன் கையிலோ, இரண்டு கடைச் சீட்டும் ஓர் அடகுச் சீட்டும்!

ஆகவே, நாம் கேட்க வேண்டியது ஏர் பெரிதா எந்திரம் பெரிதா என்றல்ல. முடிவெடுக்கும் இடத்திலே உழுபவன் இருக்கிறானா இல்லையா? அதுவே கேள்வி.

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிப் பெருமை பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்திலே, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது என்கிறோம். இருந்தது, பெருமைதான். ஆனால் குடவோலையில் பெயர் எழுதத் தகுதி என்ன? நிலம் வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். ஏரியின் சேற்றிலே இறங்கித் தூர் வாரியவனுக்கு அந்த ஓலையில் இடமில்லை! தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகளுக்கும் வாரியம் வேண்டும் என்கிறேன். ஆனால் இம்முறை அந்த ஓலையிலே நடவாளின் பெயரும் இருக்கட்டும். எத்தனை அடி தூர் வாருவது என்பதை அளவைக் கருவி கூறட்டும். எந்த மடையை முதலில் திறப்பது என்பதை ஊர் கூறட்டும். வாரிய வண்டல் எந்த வயலுக்கு எத்தனை வண்டி என்பதை மண் ஆய்வுக்கூடமும் அந்த வயலின் சொந்தக்காரனும் சேர்ந்து கூறட்டும்.

ஊர்தோறும் விதைக்கூடம் வேண்டும். பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001ஆம் ஆண்டே வந்துவிட்டது. விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உழவனுக்கு உரிமை உண்டு, வணிகப் பெயர் ஒட்டி விற்பது ஒன்றைத் தவிர. தான் காத்துவந்த ரகத்தைத் தன் பெயரிலே பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. சட்டம் தில்லியில் இருக்கிறது. விதை குதிரில் இருக்கிறது. இரண்டையும் சந்திக்க வைப்பது நம் கடமை அன்றோ?

ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வயலிலே பாதி, ஏழை உழவனின் வயலாக இருக்கட்டும். புதிய முறைக்கு மாறும் காலத்தில் விளைச்சல் குறைந்தால் அந்த இழப்பை அரசு ஏற்கட்டும். அவன் தலையில் கட்ட வேண்டாம். களைக்கருவி வந்தால், அதன் கைப்பிடி பெண்ணின் உயரத்துக்கும் வலிமைக்கும் ஏற்றதாக இருக்கட்டும். அதை ஓட்டும் கூலி அவளுக்கே கிடைக்கட்டும். கருவி வந்தது, கூலி போயிற்று என்றால், அது வளர்ச்சியன்று, வழிப்பறி!

கல்லணைக்குச் செல்லுங்கள், தோழர்களே. ஓடும் நீருக்கு அடியிலே இருப்பது பழந்தமிழர் இட்ட கல். மேலே நிற்கும் மதகும் பாலமும் பிற்காலத்தார் சேர்த்தவை. மதகு, கல்லைப் பார்த்து "நீ பழையது" என்று ஏசவில்லை. கல், மதகைப் பார்த்து "நீ அந்நியன்" என்று ஏசவில்லை. இரண்டும் சேர்ந்து நிற்பதால்தான் காவிரி கழனிக்கு வருகிறது.

அந்தக் கல்லைச் சுமந்தவனின் பெயர் மட்டும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இனி எழுதப்போகும் ஏட்டிலாவது அவன் பெயர் இருக்கட்டும். அதுவும் கடைசி வரியில் அல்ல, முதல் வரியில்!